மாரிகாலத்துக்கு ஒரு பூசணிப் பானம்: தேர்வும் செய்முறையும்

வட அமெரிக்காவில் செப்டெம்பர் பிறந்தால் கடைத் தட்டுகளில் பூசணி பீர் வந்து நிறைந்துவிடும். இலையுதிர்காலம் முடியும்வரை ஆளுக்கொரு போத்தல் பிடித்துப்போய், அடுத்த ஆண்டும் அதையே தேடுவார்கள். கிழக்கிலங்கையின் ஓட்டமாவடியில், முஸ்லிம்களான நம் வீட்டு மேசைக்குப் பீர் வராது. ஆனால் அந்தப் பானத்தில் ஆளை இழுக்கும் மணம் கறுவா, கராம்பு, இஞ்சி, சாதிக்காய் ஆகியவற்றின் மணம். அவை நான்கும் நம் மளிகைக் கடையிலேயே கிடைக்கின்றன. பூசணியும் சிறுபோக அறுவடையில் வந்து, கச்சான் காற்று ஓய்ந்து மாரி மழை தொடங்கும் நேரத்தில் நன்றாக முற்றிப் பழுத்திருக்கும். ஆகவே மதுசாரம் துளியும் இல்லாமல், வறுத்த பார்லியும் பூசணியும் சேர்ந்த ஒரு பானத்தை வீட்டிலேயே செய்து, அதில் உங்களுக்குப் பிடித்த சுவையைக் கண்டுபிடிப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

தெரிந்துகொள்ள வேண்டிய கோட்பாடு கொஞ்சம்தான். வட அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் முளைகட்டி உலர்த்திய பார்லியான மோல்ட் போதாதபோது பூசணியின் இனிப்பைக் கொண்டு பீர் காய்ச்சினார்கள். பிறகு அந்தப் பழக்கம் மங்கிப்போயிற்று. 1980களின் நடுவில் கலிபோர்னியாவின் ஹேவர்ட் நகரில் பஃபலோ பில்ஸ் என்ற மதுவடிசாலையை நடத்திய பில் ஓவன்ஸ் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். பூசணியை மட்டும் போட்டால் சுவை எழவில்லை என்று கண்டு, பூசணிப் பை (pie) என்ற இனிப்புப் பலகாரத்துக்குப் போடும் வாசனைத் திரவியங்களைச் சேர்த்தார். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று: பூசணி உடலைத் தரும், வாசனைத் திரவியம் சுவையைத் தரும். இரண்டில் எது தப்பினாலும் பானம் தப்பிவிடும்.

முதலில் பூசணி

பானம் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் அடுப்பு காரணமில்லை, பிஞ்சுப் பூசணிதான் காரணம். பிஞ்சில் மாவும் இனிப்பும் சேர்ந்திருக்காது. எவ்வளவு கறுவா போட்டாலும் பச்சைக் காய் வாடை மேலே வந்து நிற்கும்.

முழுக் காய் வாங்கும்போது இந்த ஒழுங்கில் பாருங்கள்:

1. காம்பு. காய்ந்து, மரக்கட்டை நிறத்தில், தக்கை போல இருக்க வேண்டும். பச்சையாக, சாறு கசிந்தால் அவசரப்பட்டுப் பறித்தது. காம்பே இல்லாத காயைத் தவிருங்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும்.
2. தோல். பெருவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் இறங்கினால் பிஞ்சு. இறங்காமல் வழுக்கினால் முற்றியது.
3. தரையில் கிடந்த பக்கம். அது வெளிறிய பச்சையாக இருக்கக் கூடாது, மஞ்சள் ஏறியிருக்க வேண்டும்.
4. பாரம். ஒரே அளவில் இரண்டு காயை இரண்டு கையிலும் தூக்கிப் பாருங்கள். பாரமானதை எடுங்கள்.

ஓட்டமாவடியிலும் வாழைச்சேனையிலும் பெரும்பாலான கடைகளில் பூசணியை வெட்டித் துண்டாகத்தான் நிறுத்துத் தருவார்கள். இந்தப் பானத்துக்கு அது வசதிதான், உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். விதையோடு இருக்கும் துண்டைக் கேளுங்கள். விதை தட்டையாக, உள்ளீடில்லாமல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். விதை பருத்து, சதை ஆழ்ந்த செம்மஞ்சளாக, விதைக் குழியின் ஓரம் இன்னும் கொஞ்சம் கறுத்த நிறத்தில் இருந்தால் அதுதான் வேண்டியது. வெட்டிய முகத்தில் பிசுபிசுப்பாகச் சிறு துளிகள் பூத்திருப்பது புதிதாக வெட்டியதற்கு அடையாளம். முகம் காய்ந்து சுருங்கியோ, வழுவழுத்தோ இருந்தால் வெட்டி நேரமாகிவிட்டது.

நாட்டில் பரவலாகப் பயிராகும் ருகுணு, மீமினி போன்ற இனங்கள் எல்லாம் இதற்கு ஏற்றவை. பட்டர்நட் கிடைத்தால் நார் குறைவு, வடிகட்டுவது சுலபம். நீற்றுப்பூசணி வேண்டாம், தோசி போடுவதற்கு அது அருமையான காய், ஆனால் இந்தப் பானத்தில் வெறும் தண்ணீராகத்தான் நிற்கும்.

குறிப்பு: முழுக் காயை வாங்கியவுடன் வெட்டாதீர்கள். காற்றோட்டமான, நனையாத இடத்தில், தரையில் படாமல் சாக்கின் மேல் இரண்டு மூன்று கிழமை வைத்தால் உள்ளிருக்கும் மாப்பொருளில் ஒரு பங்கு இனிப்பாக மாறும். மாரியில் தரை ஈரம் ஏறும் வீடுகளில் பலகை மேல் வையுங்கள்.

எச்சரிக்கை, இதை விட்டுவிடாதீர்கள்: சமைப்பதற்கு முன் பச்சைச் சதையில் ஒரு சிறு கீற்றை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். பூசணிக் குடும்பத்துக் காய்கள் சில நேரம் கசக்கும் நச்சுப்பொருளைக் கொண்டிருக்கும். வேகவைத்தாலும் அது போகாது, சீனியும் அதைத் தீர்க்காது. வயிற்றோட்டமும் வாந்தியும் கடுமையாக வரும். வீட்டுத் தோட்டத்தில் தானாக முளைத்த கொடியின் காய்க்கு இந்தச் சோதனை கட்டாயம்.

வாசனைத் திரவியம்

கறுவாவைத் தேர்வதில் கண்டிப்பாக இருங்கள். இலங்கைக் கறுவா மெல்லிய பட்டைகள் பல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், விரலால் நெரித்தால் நொறுங்கும், நிறம் வெளிறிய கபிலம். தடித்த ஒற்றைப் பட்டையாக, கறுத்த செந்நிறத்தில் இருப்பது வேறு மரம். அதன் காரம் நாக்கைப் பிடிக்கும், அதில் ஈரலுக்குக் கூடாத கூமரின் என்ற பொருளும் கூடுதல். உலகத்தின் மிக நல்ல கறுவா விளையும் நாட்டில் இருந்துகொண்டு அந்தத் தடித்த பட்டையை வாங்குவதற்கு ஒரு காரணமும் இல்லை.

கராம்பு தலையோடு முழுதாக இருக்க வேண்டும். ஏலக்காய் பச்சை நிறம் மாறாததாக. இஞ்சி, நார் ஏறிய முதிர்ந்த கிழங்கு. எல்லாவற்றையும் முழுதாகவே வாங்குங்கள். தூளாக்கி வைத்தவற்றில் மணம் பாதி போயிருக்கும், பானமும் கலங்கும்.

சாதிக்காய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது இந்தப் பானத்துக்கு ஒரு நுள்ளு போதும். கிராம் கணக்கில் உள்ளே போனால் தலைச்சுற்றலும் படபடப்பும் மயக்கமும் வரும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் செய்யும்போது அதை விட்டுவிடுங்கள். சாதிக்காயைக் குறித்து மார்க்க அறிஞர்களிடம் கருத்து வேறுபாடும் உண்டு. மனம் ஒப்பாதவர்கள் அதற்குப் பதில் ஓர் ஏலக்காயைக் கூட்டிக்கொண்டால் சுவைக்கு நட்டமில்லை.

தேவையானவை

ஏறத்தாழ ஒரு லீற்றர் சாறு கிடைக்கும். சோடா கலந்தால் எட்டுப் பேருக்குக் காணும்.

தோல் சீவிய பூசணி 500 கிராம்
பார்லி 60 கிராம்
தண்ணீர் 1½ லீற்றர்
இஞ்சி 25 கிராம்
கறுவா, சுட்டுவிரல் நீளத்தில் ஒரு துண்டு
கராம்பு 4
ஏலக்காய் 3
சாதிக்காய் ஒரு நுள்ளு
கித்துள் பாணி 200 மில்லிலீற்றர்
தேசிக்காய் 2
உப்பு ஒரு நுள்ளு
சாதாரண சோடா, குளிர்ந்தது

பார்லி ஒத்துக்கொள்ளாதவர்கள் அதே அளவு சிவப்பரிசியை வறுத்துப் போடலாம். நிறமும் மணமும் நன்றாகவே வரும்.

செய்முறை

1. வெட்டுதல். கைகளைக் கழுவி, பூசணித் துண்டைத் தோலோடு கழுவுங்கள். முழுக் காயாக இருந்தால் முதலில் அடியில் ஒரு வட்டத்தைச் சீவி, பலகையில் ஆடாமல் நிற்கச் செய்துவிட்டுத்தான் கத்தியை மேலிருந்து இறக்க வேண்டும். கத்தி சிக்கிக்கொண்டால் இழுத்துப் பறிக்காதீர்கள். காயோடு சேர்த்துப் பலகையில் மெல்லத் தட்டுங்கள். மாரியில் ஈரக் கையோடு பூசணி வெட்டித்தான் பலர் கை அறுத்துக்கொள்கிறார்கள். கையைத் துடைத்துவிட்டுப் பிடியுங்கள்.

2. பார்லியை வறுத்தல். இரும்புத் தாச்சியில் எண்ணெய் விடாமல், மெல்லிய நெருப்பில், அகப்பை ஓயாமல் வறுங்கள். வெள்ளை மணி முதலில் மஞ்சளாகும், பிறகு பொன்னிறம், அதற்குப் பிறகு கோப்பிக்கொட்டை வறுக்கும் வாசனையின் முதல் இழை எழும்பும். அந்த இடத்தில் நிறுத்துங்கள், உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தாச்சியிலேயே விட்டால் இருக்கிற சூட்டில் கருகிவிடும். மோல்ட் பானத்தின் நிறமும் அந்த மெல்லிய கசப்பும் நமக்கு இந்தப் படியில்தான் கிடைக்கிறது. அவசரப்படாதீர்கள்.

3. பூசணியைச் சுடுதல். இரண்டு விரல் அகலத் துண்டுகளாக்கி, அதே தாச்சியில் பரப்புங்கள். ஒரு பக்கம் கபில நிறம் பிடித்த பின்னரே திருப்ப வேண்டும். அவித்த பூசணியில் பச்சை மணம் நிற்கும், சுட்ட பூசணியில் பாகு மணம் வரும். விறகடுப்பு இருந்தால் தோலோடு தணலில் சுட்டு, கருகிய தோலை உரித்தெடுப்பது இதைவிடச் சிறப்பு.

4. கொதிக்கவைத்தல். பார்லியைத் தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் நெருப்பைக் குறைத்து 25 நிமிடம் வேகவிடுங்கள். பிறகு பூசணி, தட்டிய இஞ்சி, கறுவா, கராம்பு, ஏலக்காய், உப்பு சேர்த்து மூடி, இன்னும் 15 நிமிடம். அதற்கு மேல் கராம்பை வேகவிட்டால் நாக்கு மரத்துப்போகும் கசப்பு இறங்கும்.

5. வடித்தல். கொதிக்கவைத்து எடுத்த வெள்ளைத் துணியில் ஊற்றி, தானாக இறங்கவிடுங்கள். சூடாக இருக்கும்போது கையால் பிழியாதீர்கள். கை வெந்துவிடும், மாவும் இறங்கிப் பானம் கஞ்சியாகிவிடும். மிஞ்சிய பூசணியை எறிய வேண்டாம், கறுவாவையும் கராம்பையும் பொறுக்கிவிட்டால் தேங்காய்ப்பூவோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

6. இனிப்பும் புளிப்பும். சூட்டோடு பாணியையும் சாதிக்காயையும் கலக்குங்கள். தேசிப்புளியை நன்றாக ஆறிய பின்தான் விட வேண்டும், கொதிசாற்றில் விட்டால் கசக்கும்.

7. ஆறவைத்தல். பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர்த் தாழியில் இறக்கி விரைவாக ஆறவையுங்கள். அடுப்பை அணைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் சாறு குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

8. பரிமாறுதல். கிளாஸில் பாதி சாறு, பிறகு சரித்துப் பிடித்துச் சோடாவை மெல்ல ஊற்றுங்கள். நுரை தானாகக் கட்டும். அகப்பையால் கலக்கினால் வாயு பறந்துவிடும். மழை விடாத இரவுகளில் சோடாவுக்குப் பதில் கொதிநீர் கலந்து சுடச்சுடக் குடித்தால் நெஞ்சுக்கும் இதம்.

பாணி வாங்கும்போது

கித்துள் பாணி என்று விற்பதெல்லாம் கித்துள் இல்லை. சீனிப்பாகில் நிறம் ஏற்றிய போத்தல்கள் சந்தையில் நிறைய. நல்ல பாணியில் புகை மணம் இருக்கும், இனிப்பு முடிந்த பின்னும் நாக்கில் ஒரு துவர்ப்பு நிற்கும். நம் பக்கத்தில் எருமைத் தயிர்ச் சட்டி விற்கும் கடைகளில் தயிரோடு பாணியும் வைத்திருப்பார்கள். தயிர் நம்பி வாங்கும் கடையிலேயே பாணியையும் கேளுங்கள், ஒரு சொட்டு கையில் விட்டுப் பார்க்கத் தருவார்கள்.

உங்களுக்குப் பிடித்தது எது?

முதல் முறை மேற்சொன்ன அளவில் அப்படியே செய்யுங்கள். இரண்டாம் முறை சுவையைத் தேர்ந்தெடுக்கலாம்.

1. இனிப்புச் சேர்க்காத சாற்றை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றில் கித்துள் பாணி, ஒன்றில் கருப்பட்டி, ஒன்றில் சீனி. மற்ற எதையும் மாற்றக் கூடாது. இரண்டு பொருளை ஒரே நேரத்தில் மாற்றினால் எது சுவையைத் தந்தது என்று தெரியாமல் போகும்.
2. கிளாஸின் அடியில் அடையாளம் ஒட்டி, வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லாமல் கொடுங்கள். உம்மாவும் பிள்ளைகளும் ஒரே கிளாஸைத் தேர்ந்தால் அதுதான் உங்கள் வீட்டுச் சுவை.
3. முதலில் மணம், பிறகு ஒரு மிடறு, பிறகு விழுங்கிய பின் வாயில் நிற்பது என்ன என்று பாருங்கள். நடுவில் வெறும் தண்ணீரும் ஒரு மாரி பிஸ்கட் துண்டும்.
4. இனிப்பு முடிவானதும் இதே முறையில் இஞ்சியைக் கூட்டிக் குறையுங்கள். கறுவாவைக் கடைசியில் பாருங்கள்.

குறிப்பு: மிகக் குளிர்ந்த பானத்தில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். பனிக்கட்டி போட்டுப் பரிமாறுவதாக இருந்தால் அதே குளிரில்தான் ருசி பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் விருந்தாளி கையில் சப்பென்று போய்விடும்.

நேரக் கட்டுப்பாடு

இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பூசணி, பாணி, தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் நொதிக்க வேண்டிய எல்லாமே அதில் உண்டு. காற்றில் மிதக்கும் மதுவம் (ஈஸ்ட்) நம்முடைய வெப்பத்தில் ஓரிரு நாளிலேயே வேலையைத் தொடங்கிவிடும். இனிப்பு குறையும், வாயு சேரும், மதுசாரம் உருவாகும். நாம் விலக்க நினைத்தது நம் சமையலறையிலேயே பிறந்துவிடும்.

நபி (ஸல்) அவர்களுக்காக உலர்பழங்களைத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்த நபீத் பானத்தை மூன்றாம் நாள் மாலைவரை குடித்து, மீந்ததை ஊற்றிவிடுவார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் அறிவிப்பு இருக்கிறது. சுரைக்காயை விரும்பி உண்ட அவர்கள், சுரைக் குடுவையில் நபீத் ஊறவைப்பதை ஆரம்பத்தில் தடுத்தும் இருந்தார்கள். பிறகு, போதை தருவதைக் குடிக்காதவரை எந்தப் பாத்திரமும் ஆகும் என்று அனுமதித்தார்கள். காலமும் பாத்திரமும் பானத்தை மாற்றிவிடும் என்ற கவனம் நமக்குப் புதிதல்ல. நான் சொல்லும் கெடு இன்னும் குறுகியது:

குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள். அதற்குமேல் வைப்பதில்லை.
வெளியில் இரண்டு மணித்தியாலம்.
மழையில் மின்சாரம் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் நின்றுபோயிருந்தால், ருசி பார்க்காமலே ஊற்றிவிடுங்கள்.
சோடா கலக்காத சாற்றில் தானாகக் குமிழி வந்தால், புளித்த மணம் வந்தால், மூடி உப்பியிருந்தால் ஊற்றிவிடுங்கள்.
கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி வைக்காதீர்கள். நொதித்தால் வாயு அழுத்தத்தில் போத்தல் வெடித்து முகத்திலும் கையிலும் கண்ணாடி ஏறும். தளர்ந்த மூடியுள்ள பாத்திரம் போதும்.
நீண்ட நாள் வேண்டுமானால், செய்த அன்றே பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுங்கள். தேவைப்படும்போது நான்கு கட்டிகளை எடுத்துச் சோடாவில் போட்டால் முடிந்தது.

மாரியில் வெள்ளம் ஏறிய கிணற்று நீரை நம்பக் கூடாது. சாறு கொதித்ததுதான், ஆனால் பனிக்கட்டிக்கும் கிளாஸ் கழுவுவதற்கும் எடுக்கும் தண்ணீரும் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். வயிற்றோட்டம் பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகிறது.

நீரிழிவு உள்ளவர்களுக்குக் கித்துளும் கருப்பட்டியும் சீனிதான். பாணி ஊற்றுமுன் ஒரு கிளாஸ் சாற்றை எடுத்து வைத்து, தேசிப்புளியும் சோடாவும் மட்டும் கலந்து கொடுங்கள். பார்லியிலும் பூசணியிலும் மாப்பொருள் உண்டு, ஆகவே அதுவும் ஒரு கிளாஸோடு நிற்கட்டும்.

கடையில் வாங்குபவர்களுக்கு

செய்ய நேரமில்லாதவர்கள் போத்தலைத் தேடுவார்கள். பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பீர் பெயரில் பீர் இருந்தும் மென்பானம்தான். மறுபக்கம், மதுசாரமற்றது என்று எழுதிய சில மோல்ட் பானங்களில் 0.5 சதவீதம்வரை இருக்கச் சில நாடுகளின் சட்டம் இடம் தருகிறது. 0.0 என்று அச்சிட்டிருக்கிறதா, நம்பத்தகுந்த ஹலால் சான்று இருக்கிறதா, காலாவதித் திகதி என்ன என்ற மூன்றையும் சிட்டையில் பாருங்கள். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லி அனுப்புங்கள்: சைடர் என்ற பெயரில் கனடாவில் வெறும் அப்பிள் சாறும் விற்கிறது, பிரித்தானியாவில் அதே பெயர் மதுவைக் குறிக்கும். பூசணிப் படம் போட்ட போத்தலிலும் சதவீதத்தைத் தேடிப் படித்துவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும்.

சுவையைத் தேர்ந்தெடுக்கும்போது என் பரிந்துரை: முற்றிய ருகுணுப் பூசணி, பொன்னிறம் தாண்டி வறுத்த பார்லி, கித்துள் பாணி, சாதிக்காய் இல்லாமல் ஏலக்காய் நான்கு. ஐப்பசியில் கடைக்குப் போகும்போது காம்பு காய்ந்த காய் ஒன்றை வாங்கிச் சாக்கின் மேல் வையுங்கள். கார்த்திகை மழைக்கு அது சரியாக இருக்கும்.